27 ஏக்கர், ஒரு ஆலமரம், பத்திரம் யார் பேரில்?

சேலையூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் உண்டு. வாரம் மூன்று நாள் சாயந்திரம் அங்கே பரதநாட்டிய வகுப்பு நடக்கும். தட்டுக்கழி சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும். போன வருஷம் அசோசியேஷன் மீட்டிங்கில், ஹாலைப் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும்னு ஒருத்தர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். வகுப்பு நின்றது. வருத்தமா இருக்கு டீச்சர்னு சொல்லப் போனேன். "பரவாயில்ல சார், இது எனக்கு மூணாவது இடம்"னு சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கலை வளர்வதைப் பற்றிப் பேசும்போது குரு, சிஷ்யை, பாணி, பரம்பரை என்று எல்லாம் பேசுகிறோம். தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆட ஒரு தரை வேண்டும். அது யாருடைய தரை? இந்தக் கேள்வியோடு நம்ம தென்சென்னையின் கலைக்கூடங்களைத் திரும்பிப் பார்த்தேன். வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடையாற்றில் இருந்து தொடங்கணும். திரு.வி.க. பாலத்தில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் ஆற்றைப் பாருங்கள். இரண்டு கரையிலும் ஒரு காலத்தில் கம்பெனிக்காரர்களின் தோட்ட வீடுகள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் கோட்டையை ஒட்டித்தான் வாழ்ந்தார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், இன்னொரு பக்கம் ஹைதர் அலியின் குதிரைப்படை என்ற பயம். அந்தப் பயம் குறையக் குறைய, கையில் காசு பார்த்தவர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் வளைத்து, நடுவில் தூண் வைத்த மாளிகை கட்டி, சுற்றி மாந்தோப்பு போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கார்டன் ஹவுஸ். நம்மாட்கள் 'தோட்டம்' என்றார்கள். ஆற்றின் தென்கரையில் அப்படி இருந்த ஒன்றுதான் ஹடில்ஸ்டன் தோட்டம்.

அதை 1882இல் தியாசாபிகல் சொசைட்டி வாங்கியது. தமிழில் பிரம்மஞான சபை. கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1875இல் நியூயார்க்கில் ஆரம்பித்த இயக்கம். 1879இல் பம்பாய் வந்து, அங்கிருந்து நிரந்தரமாக ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். 27 ஏக்கர், ஆற்றைப் பார்த்த பெரிய வீடு, இரண்டு சின்ன வீடுகள், குதிரை லாயம், மா மரமும் ஆல மரமும் நிற்கும் சாலை, சவுக்குத் தோப்பு. எல்லாம் சேர்த்து விலை 9,000 ரூபாய் சொச்சம்.

அந்தக் காலத்திலேயே இது அடிமாட்டு விலை. காரணத்தை ஆல்காட்டே தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீலகிரி அடிவாரம் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. துரைமார்கள் வருஷத்தில் பாதி நாள் ஊட்டியில் இருக்க ஆரம்பித்துவிட்டார்கள். மெட்ராஸில் இருந்த மாளிகைகளை வாங்க ஆளில்லை. கட்டடத்தை இடித்து மரத்தையும் செங்கல்லையும் விற்றால் என்ன வருமோ, கிட்டத்தட்ட அதே விலைக்கு முழு எஸ்டேட்டும் கிடைத்தது என்கிறார். மேட்டுப்பாளையத்துக்குப் போன ரயில், அடையாறில் நிலத்தின் விலையைக் குறைத்திருக்கிறது! மெட்ரோ வரப்போகுதுன்னு சொன்னாலே சதுர அடி விலை ஏறுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது.

அன்னி பெசண்ட் 1907இல் தலைவரான பிறகு பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 27 ஏக்கர் 250 ஏக்கருக்கு மேல் ஆனது. இன்று எல்லோரும் பார்க்கப் போகும் அந்தப் பெரிய ஆலமரமும் அப்படி வந்து சேர்ந்த பகுதியில் இருப்பதுதான். 1905இலேயே சொசைட்டி சென்னையில் சட்டப்படி பதிவாகிவிட்டது. இது முக்கியம், பின்னால் வருவேன். அதாவது நிலம் ஆல்காட்டுக்கோ பெசண்டுக்கோ சொந்தமில்லை, சொசைட்டிக்குச் சொந்தம். சொசைட்டியின் தலைவரை உலகம் முழுக்க இருக்கும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள்.

1934இல் அப்படித் தலைவரானவர் ஜார்ஜ் அருண்டேல். அவர் மனைவி ருக்மிணி தேவி. மதுரையில் 1904இல் பிறந்தவர். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொறியாளர், சொசைட்டி ஈடுபாட்டால் அடையாறில் வந்து குடியேறியவர். ருக்மிணி தேவி முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்றார். 1935 டிசம்பரில் சொசைட்டியின் வைர விழா மாநாட்டில், அந்தத் தோட்டத்திலேயே ஆடினார். அடுத்த மாதம், 1936 ஜனவரி 6ஆம் தேதி, இன்டர்நேஷனல் அகாடமி ஆஃப் ஆர்ட்ஸ் என்ற பெயரில் பள்ளி ஆரம்பம். ஒரு மரத்தடி, ஒரு ஆசிரியர், ஒரு மாணவி என்று அந்தத் தொடக்கத்தைச் சொல்வார்கள். அந்த மாணவி ருக்மிணி தேவியின் அண்ணன் மகள் ராதா. கலாக்ஷேத்ரா என்ற பெயர் 1938இல் வந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரு தனி மனுஷியின் துணிச்சலாகச் சொல்வார்கள். துணிச்சல் இல்லாமல் இல்லை. பிராமணக் குடும்பத்துப் பெண் சதிர் ஆடுவது அன்றைக்குச் சின்ன விஷயம் கிடையாது. ஆனால் அந்த மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல நாடுகளிலிருந்து மாநாட்டுக்கு வந்த ஜனங்கள் ஏற்கனவே அங்கே இருக்கிறார்கள், அதாவது சபையைத் தேடிப் போக வேண்டாம். உடை தைக்க மேடம் காஸான் என்ற இத்தாலியப் பெண்மணி அங்கேயே இருக்கிறார். மேடைக்கும் விளக்குக்கும் அலெக்ஸ் எல்மோர், கான்ராட் வோல்ட்ரிங் என்ற சொசைட்டி நண்பர்கள். ஆடுகிறவருக்குப் பின்னால் நின்று நகர்ந்துகொண்டே வாசிக்கும் பழைய வழக்கம் போய், நட்டுவனாரும் பக்கவாத்தியமும் மேடையின் ஓரத்தில் உட்காரும் ஏற்பாடு அவர் காலத்தில்தான் நிலைத்தது. இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்க வாடகை இல்லாத இடமும் வேலை தெரிந்த ஆட்களும் வேண்டும். தோட்டம் இரண்டையும் கொடுத்தது.

தோட்டம் கொடுத்தது நடனத்துக்கு மட்டும் இல்லை. உடைக்கு நல்ல துணி கிடைக்காததால் 1937இல் நெசவுக்கூடம் வந்தது. பாட்டுக்கு டைகர் வரதாச்சாரியாரும் பாபநாசம் சிவனும் வந்தார்கள். 1939இல் அருண்டேல் அழைத்து மரியா மாண்டிசோரி இந்தியா வந்தபோது, ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு இதே தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகளில்தான் நடந்தது. உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தபின் அவருடைய சுவடிகளும் நூல்களும் சிதறிவிடாமல் 1943இல் ஒரு நூலகமானதற்கும் ருக்மிணி தேவிதான் காரணம். இன்று பெசண்ட் நகரில் இருக்கும் டாக்டர் உ.வே.சா. நூலகம் அதுதான். சங்க இலக்கியச் சுவடி, மாண்டிசோரி மணிகள், கைத்தறி, அலாரிப்பு எல்லாம் ஒரே வேலிக்குள்! (அதே 1937இல்தான் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு எங்கள் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. இடம் தேடித் தெற்கே வருவது அந்தப் பத்தாண்டின் பழக்கம் போலிருக்கிறது.)

1945 ஆகஸ்டில் அருண்டேல் இறந்தார்.

இங்கேதான் பத்திரம் பேச ஆரம்பிக்கிறது. பத்து வருஷமாக வளர்ந்த கலாக்ஷேத்ரா நின்றிருந்தது சொசைட்டியின் நிலத்தில். தலைவரின் மனைவி நடத்தும் பள்ளி என்பதால் யாரும் வாடகை ஒப்பந்தம் பற்றிக் கேட்கவில்லை. 1946இல் ஜினராஜதாசா தலைவரானார். அவர் காலத்தில் கலாக்ஷேத்ரா தனக்கென்று தனி இடம் தேட வேண்டி வந்தது. ஒரு பிரம்மஞான சபையின் நிலம் எதற்கு என்ற கேள்வியில் சொசைட்டி பக்கத்து நியாயமும் இருக்கத்தான் செய்கிறது, அதை வில்லன் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. திருவான்மியூரில், அன்றைக்கு மணலும் சவுக்குமாகக் கிடந்த இடத்தில், நிலம் வாங்கினார்கள். 1953இல் ருக்மிணி தேவியின் சொந்த அண்ணன் ஸ்ரீராமே சொசைட்டி தலைவரானார். ஆனாலும் இடம்பெயர்வது நிற்கவில்லை. அண்ணன் தலைவராக இருக்கிறார் என்பதும் கணவர் தலைவராக இருந்தது மாதிரிதான், எத்தனை வருஷத்துக்கு? 1962இல் கலாக்ஷேத்ரா முழுசாகத் தன் சொந்த வளாகத்துக்கு வந்துவிட்டது. சுமார் 100 ஏக்கர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். 1980இல் சொசைட்டிக்கு மறுபடி தலைவர் தேர்தல். ருக்மிணி தேவி நின்றார். எதிரே நின்று ஜெயித்தவர் ராதா பர்னியர். ஆமாம், மரத்தடியின் அந்த முதல் மாணவி. இடையில் ழான் ரெனுவாரின் 'தி ரிவர்' படத்தில் நடித்து, ஆடி, பிறகு முழுநேர பிரம்மஞானியாகிவிட்டவர். அண்ணன் மகள் அத்தையைத் தோற்கடித்து, 2013இல் இறக்கும் வரை அந்தத் தோட்டத்தின் தலைவராக இருந்தார். முதல் முறை இதைப் படித்தபோது இரண்டு தடவை சரிபார்த்தேன். 1980இல் கலாக்ஷேத்ரா இன்னும் அந்த மரத்தடியிலேயே இருந்திருந்தால் அந்தத் தேர்தல் எப்படிப்பட்ட தேர்தலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வருஷம் முன்னாடியே பெட்டி கட்டிக்கொண்டு போனது எவ்வளவு நல்லதாகப் போச்சு.

சொந்த இடமும் கேள்வி கேட்காமல் விடாது. 1986இல் ருக்மிணி தேவி மறைந்தார். 1993இல் நாடாளுமன்றத்தில் கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற பெருமை கிடைத்தது. கூடவே தலைவர், இயக்குநர் நியமனம் எல்லாம் மத்திய அரசின் கைக்குப் போனது.

ஒரு இடையீடு. தரையைப் பற்றிப் பேசிவிட்டு கௌரி அம்மாளை விட முடியாது. ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் மரபில் கடைசி வரிசையில் நின்றவர். பின்னால் கலாக்ஷேத்ராவிலும் பாடம் எடுத்தார். தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. அந்தச் சட்டம் வேண்டும் என்று போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் கலைக்கு ஒரு தரை இருந்தது: கோயில், கோயில் கொடுத்த வீடு, கொஞ்சம் மானிய நிலம். கௌரி அம்மாளுக்குக் கோயில் வீடு கையை விட்டுப் போனது. 1971இல் வறுமையில் மறைந்தார். ஒரு பக்கம் அதே நடனத்துக்கு 100 ஏக்கர் கிடைக்கிறது, இன்னொரு பக்கம் அதைச் சொல்லிக்கொடுத்தவருக்கு இருந்த வீடும் போகிறது. இரண்டும் ஒரே தலைமுறையில் ஐந்து கிலோமீட்டருக்குள் நடந்தவை.

சரி, இப்போ ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வாங்க. அங்கே இன்னொரு தோட்டம். ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி ஊழியர் 1790களின் கடைசியில் 11 ஏக்கரில் கட்டிய வெள்ளை மாளிகை. ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி கொத்தளம் எல்லாம் வைத்துக் கட்டியதால் பிராடி காஸில் என்று பெயர். அந்த வீட்டை நோக்கிப் போனதால்தான் மயிலாப்பூரின் இன்றைய ராமகிருஷ்ண மடம் சாலைக்கு முன்பு பிராடீஸ் ரோடு என்று பெயர். பாவம், மனுஷன் நிறைய நாள் அனுபவிக்கவில்லை. சில வருஷத்திலேயே இதே அடையாற்றில் படகு விபத்தில் மூழ்கிப் போனார். வீடு பல கை மாறிக் கடைசியில் அரசாங்கத்திடம் வந்து, 'தென்றல்' என்ற அழகான தமிழ்ப் பெயரும் பெற்றது.

1949இல் மெட்ராஸ் அரசு கர்நாடக இசைக்கு ஒரு கல்லூரி ஆரம்பித்தது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். நிலையான கட்டடம் இல்லாமல் கொஞ்ச காலம் இடம் மாறிக்கொண்டிருந்த கல்லூரி 1950களில் பிராடியின் வீட்டுக்கு வந்தது. டி.பிருந்தா, கே.வி.நாராயணசுவாமி போன்றவர்கள் பாடம் எடுத்த இடம் அது. கச்சேரி டிக்கெட் வாங்கிக் கேட்க வேண்டியவர்களிடம் அரசுக் கல்லூரி ஃபீஸில் பாட்டு கற்கலாம். அது சாதாரண விஷயமா? இசைக் குடும்பத்தில் பிறக்காத, மயிலாப்பூரில் வீடு இல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கொத்தளம் ஒரு வாசல். நாதஸ்வரமும் தவிலும் அரசு இசைக் கல்லூரிகளில் பாடமாக இருப்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2013இல் சட்டம் இயற்றி இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு இசைக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பிறகு ஜெயலலிதா பெயரும் சேர்ந்தது.

தென்கரையில் நடந்தது வடகரையில் நடக்கவில்லை. எத்தனை ஆட்சி மாறியும் 'காலி பண்ணு' என்று சொல்ல ஒரு வீட்டுக்காரர் இல்லை, ஏனென்றால் வீடும் பள்ளியும் ஒரே கையில். அதற்கான விலையும் உண்டு. பெயின்ட் அடிக்கக்கூட ஃபைல் நகரணும். கலாக்ஷேத்ராவுக்குக் கிடைத்த கவர்ச்சியில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை. என் ஆபீஸில் பத்துப் பேரிடம் பிராடி காஸில் எங்கே இருக்குன்னு கேட்டேன். ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது. அவரும் பக்கத்தில் குடியிருப்பதால்.

மூன்றாவதாக ஒரு வழியை ஓவியர்கள் கண்டுபிடித்தார்கள். யாருடைய தோட்டத்துக்கும் போகாமல், அரசாங்கத்தையும் கேட்காமல். சென்னை கலைப்பள்ளி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரைச் சுற்றி இருந்த இளம் ஓவியர்களுக்குப் படம் வரைந்து பிழைக்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதனால் பாடிக் துணி அச்சடித்து விற்றார்கள். அந்தக் காசில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் கடலோர நிலம் வாங்கி, ஆளுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் பிறந்தது. இரவில் பாடிக், பகலில் ஓவியம், அல்லது தலைகீழாக. 2009இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகத்தையும் அதே வளாகத்தில் திறந்தார்கள். மெழுகும் சாயமும் விற்ற காசில் வாங்கிய அந்த நிலம் இன்று ஈ.சி.ஆர். ஓரத்தில் என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். விற்கவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மறுபடி தென்கரை. அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இன்று நிற்பதெல்லாம் விழுதுகள். திருவான்மியூரில் காலைப் பிரார்த்தனைக்கு மாணவர்கள் கூடுவதும் ஒரு ஆலமரத்தடியில்தான். முதல் மரத்தடியை விட்டு வரும்போது அந்த வழக்கத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள் போல.

எங்கள் டீச்சர் இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே வகுப்பு எடுக்கிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். தரை டைல்ஸ், குழந்தைகளின் முட்டிக்கு நல்லதில்லை என்று கவலைப்பட்டார். "ஓனர் நல்லவர் சார், பதினொரு மாச அக்ரிமெண்ட் போட்டுக் குடுத்திருக்கார்" என்றார்.